வராத நாளின் கூலி

இங்கிலீஷ் படித்த நம்மவர்கள் அந்தப் பாஷையில் முதன்முதலாகச் சொந்தமாக எழுதியது என்ன என்று விசாரித்துப் பார்த்தால், பெரும்பாலோரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: பள்ளிக்கூடத்து லீவு லெட்டர். "எனக்குச் சுரமாக இருப்பதால் இரண்டு நாளைக்கு லீவு கொடுக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்கிற அர்த்தத்தில் நாலு வரி. சுரம் உண்டா இல்லையா என்பது இரண்டாவது பட்சம். வாக்கியத்தில் பிழையில்லாமல் இருக்க வேண்டும். 'கீழ்ப்படிதலுள்ள' என்ற வார்த்தை கடைசியில் கட்டாயம் வர வேண்டும். பையன் பெரியவனாகி ஆபீசுக்குப் போன பிறகு அல்ஜீப்ராவை மறக்கிறான், அசோகர் கல்வெட்டுக்களை மறக்கிறான். இந்த நாலு வரியை மட்டும் மறப்பதில்லை. டிசம்பர் மாதத்தில் காஷுவல் லீவு மிச்சமிருப்பவர்களுக்கெல்லாம் வயிற்றுவலி வருகிறது. சேப்பாக்கத்தில் பந்தயம் நடக்கும் நாட்களில் நகரம் முழுவதும் சுரம் பரவுகிறது. சில குமாஸ்தாக்களின் பாட்டிமார்கள் மூன்று தடவை காலமாகியிருக்கிறார்கள்.

மேலதிகாரிக்கும் இதெல்லாம் தெரியும். அவரும் ஒரு காலத்தில் பாட்டியை இழந்தவர்தானே! ஆகவே நாம் இதைப் பற்றிப் பேசும்போது சிரித்துக்கொண்டே பேசுகிறோம். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு சௌகரியம் இருப்பதை நாம் கவனிப்பதில்லை. பொய்ச் சுரம் என்ற வியாதி எல்லாருக்கும் வராது. வேலைக்குப் போகாத நாளுக்கும் சம்பளம் உண்டு என்ற நிச்சயம் இருப்பவனுக்குத்தான் அது வரும். அன்றன்றைக்குக் கூலி வாங்குகிறவன் சொல்லும் பொய் வேறு விதமானது. உடம்பு அனலாய்க் கொதிக்கும்போது, "ஒன்றுமில்லைங்க, லேசாகத் தலைவலி" என்று அவன் சொல்கிறான். ஒருவன் இல்லாத வியாதியை உண்டு என்கிறான். இன்னொருவன் இருக்கிற வியாதியை இல்லை என்கிறான். இந்த இரண்டு பொய்களுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத்தான் இங்கே கொஞ்சம் நடந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் வார்த்தையைப் பாருங்கள். 'லீவு' என்ற இங்கிலீஷ்ச் சொல்லுக்கு அனுமதி என்று பொருள். நம் கச்சேரிகளில் வெகு காலம் வழங்கிய 'ரஜா' என்ற சொல் அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. அதற்கும் சம்மதம் என்றே பொருள். 'விடுப்பு' என்று தமிழில் சொன்னாலும், விடுகிறவர் ஒருவர் அதற்குள் உட்கார்ந்திருக்கிறார். ஆக, எந்தப் பாஷையில் கேட்டாலும் லீவு என்பது இன்னொருவருடைய கையில் இருக்கிற வஸ்து. கொடுப்பதற்கு ஓர் எஜமானன் இருந்தால்தான் வாங்கிக்கொள்வதற்கு ஒரு லீவு உண்டு.

அப்படியானால் எஜமானன் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? அங்கே தினமும் லீவுதானே என்று தோன்றும். அப்படி நினைக்கிறவர்கள் சேலத்தில் அம்மாபேட்டைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

சேலம் நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது அம்மாபேட்டை. குகை, பொன்னம்மாபேட்டை முதலிய பேட்டைகளைப் போல இதுவும் தறிச் சத்தத்தில் வளர்ந்த ஊர். செங்குந்தர், சௌராஷ்டிரர், தேவாங்கர் என்று பல குலத்து நெசவாளிகள் சேலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பருத்தியும் பட்டும் நெய்து வந்திருக்கிறார்கள். சேலத்து வெண்பட்டு வேட்டியைக் கட்டிக்கொள்ளாமல் தமிழ்நாட்டில் எத்தனை மாப்பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்? இன்று அங்கே விசைத்தறியின் ஓசைதான் அதிகம். கைத்தறிகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆனால் அந்த ஊரின் பழக்க வழக்கங்களை உண்டாக்கியது கைத்தறிதான்.

நெசவாளியின் வீடே அவனுடைய பட்டறை. கூடத்தில் ஒரு குழி, குழிக்குள் இரண்டு மிதி, மேலே பாவு. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தானானால் எழுந்திருக்கச் சொல்ல யாரும் இல்லை. உட்காரச் சொல்லவும் யாரும் இல்லை. மணி அடிப்பதில்லை. ஆஜர் பட்டி கிடையாது. அவன் வீடு, அவன் தறி, அவன் நேரம். வெளியூர்க்காரர் பார்த்தால் பொறாமைப்படக்கூடிய சுதந்திரம்! ஆனால் பாவு அவனுடையதல்ல. ஊடை நூலும் அவனுடையதல்ல. நூலைக் கொடுத்த முதலாளியிடம் முன்பணமும் வாங்கியிருக்கிறான். நெய்த உருப்படியைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கூலி. அந்தக் கூலியிலும் கடனுக்கு ஒரு பங்கு பிடித்தம். எஜமானன் வாசலில் நிற்கவில்லை. பாவோடு சேர்ந்து தறியிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறான்.

இந்த ஏற்பாடு நேற்று வந்ததல்ல. 1792-ல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட உடன்படிக்கையில் பாரமஹாலும் சேலமும் கும்பெனியாரின் கைக்கு வந்தன. அலெக்ஸாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரி நிர்வாகத்துக்கு வந்தார்; அவருக்குக் கீழே 1799 வரையில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ, பிற்காலத்தில் சென்னை கவர்னரானவர். வரி வசூல் ஒரு பக்கம் நடக்க, துணி கொள்முதல் இன்னொரு பக்கம் நடந்தது. அந்தக் கொள்முதல் எப்படி நடந்தது என்பதை மன்றோவே 1813-ல் லண்டனில் பார்லிமெண்டு விசாரணையில் சொல்லியிருக்கிறார். பாரமஹாலில் கும்பெனியின் சிப்பந்திகள் முக்கியமான நெசவாளிகளை ஒன்றாகக் கூட்டி, கும்பெனிக்கு மட்டுமே துணி கொடுப்போம் என்று ஒப்புக்கொள்ளும் வரையில் அவர்களைக் காவலில் வைத்தார்களாம். முன்பணம் வாங்கியவன் அதிலிருந்து மீள்வது அபூர்வம். துணி வருவதற்குத் தாமதமானால் நெசவாளியின் வீட்டுக்கு ஒரு சேவகனை அனுப்புவார்கள். அந்தச் சேவகனுக்காக நாளொன்றுக்கு ஓர் அணா வீதம் நெசவாளியே தண்டம் கொடுக்க வேண்டும். சேவகன் கையில் பிரம்பும் உண்டு. தண்டம் கட்டமுடியாதவன் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்கள் போய்விடும்.

இதை நாம் கொஞ்சம் நிதானித்து யோசிக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் என்ன என்று அந்தச் சேவகன் கேட்டிருப்பானா? சோம்பலா, சுரமா, மழையா, மனைவியின் பிரசவமா என்று பிரித்துப் பார்க்க அவனுக்கு உத்தரவு கிடையாது. கும்பெனிக் கணக்கில் எல்லாம் தாமதம் என்ற ஒரே பத்தியில் விழுந்தன. சுரத்தில் படுத்திருப்பவன், தன்னைக் காவல் காப்பவனுக்குத் தானே படி அளந்துகொண்டிருந்தான். லீவு என்பதற்கு நேர்எதிரான வஸ்து ஒன்று உலகத்தில் இருக்குமானால் அது இதுதான்: வேலை செய்யாத நாளுக்கு வேலைக்காரன் கொடுக்கும் சம்பளம்.

பிறகு சேவகனுக்குப் பதிலாகச் சட்டம் வந்தது. 1859-ஆம் வருஷத்திய 13-ஆவது சட்டப்படி, முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத தொழிலாளியை மாஜிஸ்டிரேட்டு முன்னால் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலையைச் செய். இரண்டும் முடியாவிட்டால் மூன்று மாதம் வரையில் சிறை. முதலில் ராஜதானி நகரங்களுக்கென்று வந்த இந்தச் சட்டம் பிறகு பல இடங்களுக்கும் நீண்டது. 1925-ல் இதை ரத்துச் செய்யும் சட்டம் நிறைவேறும் வரையில், வேலைக்கு வராமலிருப்பது இந்த நாட்டில் ஒரு குற்றமாகவே இருந்தது. கடன் வாங்கியவன் பணம் கட்டாவிட்டால் அது சிவில் விவகாரம். கூலிக்காரன் வராவிட்டால் அது கிரிமினல் விவகாரம்!

இத்தனைக்கும் நெசவாளிக்கு ஓய்வே கிடையாது என்று சொல்ல வரவில்லை. எஜமானன் கொடுக்காத லீவைத் தெய்வம் கொடுத்தது. பல நெசவூர்களில் அமாவாசையன்று தறியில் உட்காரமாட்டார்கள். கொல்லரும் தச்சரும்கூட அன்று உளியையும் சுத்தியையும் தொடாதது நமக்குத் தெரிந்த வழக்கந்தான். இங்கிலாந்திலே, யந்திரசாலைகள் வருவதற்கு முன்பு, கைத்தறிக்காரர்களும் செருப்புத் தைப்பவர்களும் திங்கட்கிழமையை ஓய்வுநாளாக வைத்துக்கொண்டு அதற்குப் 'புனிதத் திங்கள்' என்று பெயரும் சூட்டியிருந்தார்கள். காலண்டரில் இல்லாத ஒரு புனிதரை அவர்கள் சிருஷ்டித்துக்கொண்டார்கள். நம்மவர்களுக்குச் சந்திரனே போதுமானதாக இருந்தது. ஆடி மாதம் வந்தால் சேலம் முழுவதும் மாரியம்மன் பண்டிகை. அம்மாபேட்டையிலும் குகையிலும் வண்டி வேடிக்கை நடக்கும் இரவில் வீட்டில் இருப்பவர் யார்? மழைக்காலத்தில் வருணனும் தன் பங்குக்கு லீவு கொடுப்பான். சேலத்தில் 'பாவடி' என்று அழைக்கப்படும் திறந்த வெளிகளில்தான் பாவை நீட்டி விரித்துக் கஞ்சி போடுவார்கள். தூறல் விழுந்தால் அந்த வேலை நின்றது. குழித்தறியின் குழியில் ஈரம் கசிந்தால் நெசவும் நின்றது.

வியாதிக்கும் ஒரு லீவு இருந்தது. ஆனால் ஒரே ஒரு வியாதிக்கு. வீட்டில் அம்மை வார்த்துவிட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அந்த வேப்பிலையைக் கண்ட பிறகு கடன்காரன்கூடப் படியேற யோசிப்பான். உள்ளே படுத்திருப்பவன்மேல் ஆத்தாள் இறங்கியிருக்கிறாள், அவளிடம் போய், "பாவு எப்பங்க முடியும்?" என்று கேட்க எவனுக்குத் துணிச்சல் வரும்? மூன்றாவது தண்ணீர் வார்த்துச் சுத்தி செய்கிற வரையில் அந்த வீட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ஊர்க் கட்டு. தொற்று பரவாமலிருக்க இது உதவியது என்று பிற்காலத்து டாக்டர்கள் சொல்வார்கள். என் கண்ணுக்கு இன்னொன்று தெரிகிறது. நம் நாட்டில் எல்லாரும் மதித்த, எவரும் சந்தேகப்படாத முதல் மெடிக்கல் சர்டிபிகேட் அந்த வேப்பிலைக் கொத்துதான். 1980-ல் பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. மிகவும் நல்ல காரியம். ஆனால் மலேரியாவுக்கும் க்ஷயத்துக்கும் இடுப்பு வலிக்கும் அப்படி ஒரு வேப்பிலை கடைசிவரை கிடைக்கவே இல்லை.

அந்த மற்ற வியாதிகள் வந்தபோது நெசவாளி என்ன செய்தான்? அவன் செய்ததைக் கவனித்தால்தான் 'வராத நாள்' என்பதன் சூட்சுமம் விளங்கும். கைத்தறி ஒருவனுடைய தொழில் அல்ல. ஒரு குடும்பத்தின் தொழில். கிழவி ராட்டையில் தார் சுற்றுவாள். மனைவி பாவு புணைப்பாள். குடும்பத் தலைவன் படுத்துவிட்டால் தறி நிற்கக் கூடாது. ஆகவே மகன் குழியில் இறங்குவான். அவனுக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும். அன்று அவன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பெயரைக் கூப்பிடும்போது பதில் வராது. அப்பாவுக்கு வந்த சுரம் பிள்ளையின் வருகைப் பதிவேட்டில் 'ஆப்சென்ட்' என்று பதிவாகும். நாலு நாள் சுரம் நாற்பது நாள் நீடித்தால் பையனின் பெயரே பதிவேட்டிலிருந்து அடிபட்டுவிடும். ஆசிரியர், "நெசவுக்காரப் பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று அபிப்பிராயம் சொல்லுவார். வராத நாள் எங்கேயும் மறைந்துபோவதில்லை. ஒருவர் தலையிலிருந்து இறங்கினால் இன்னொருவர் தலையில் ஏறிக்கொள்கிறது. யார் தலையில் ஏறுகிறது என்பதுதான் எல்லாக் காலத்திலும் கேள்வியாக இருந்திருக்கிறது.

தறியும் நிலமும் காப்பாற்றாத வருஷங்களில் இந்தச் சமவெளியிலிருந்து ஜனங்கள் கடல் தாண்டிப் போனார்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போன ஜில்லாக்களில் சேலமும் முக்கியமான ஒன்று. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவைக் கொடுமையாக வாட்டியது என்பது பாட்டிமார்கள் சொல்லி நம் காதுவரைக்கும் வந்த சேதி. வீட்டில் எஜமானன் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தான் என்றால், மலையில் அவன் விடியற்காலையிலேயே எதிரில் வந்து நின்றான். அதிகாலையில் தப்பு அடித்ததும் எல்லாரும் லயங்களிலிருந்து கிளம்பிப் பெரட்டுக்களத்துக்கு வர வேண்டும். அங்கே கணக்கெடுத்துப் 'பேர்' போடுவார்கள். ஒரு நாள் கூலிக்கே அங்கே 'பேர்' என்றுதான் பெயர்! வேலை குறைந்தால் 'அரைப்பேர்'. வராதவனுக்குப் பேரே கிடையாது. ஒரு மனிதனுடைய நாளையும் பெயரையும் இவ்வளவு கச்சிதமாக முடிச்சுப்போட்ட வார்த்தையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கங்காணிக்கு, அன்றன்று வேலைக்கு வந்த ஆட்களின் தலையை எண்ணி இவ்வளவு காசு என்று தோட்டத்தார் கொடுத்து வந்தார்கள். எனவே லயத்தில் ஒருவன் போர்த்திக்கொண்டு படுத்திருந்தால் நஷ்டம் அவனுக்கு மட்டும் இல்லை, கங்காணிக்கும் உண்டு. கங்காணி அவனுடைய ஊர்க்காரனாகவோ உறவினனாகவோ இருப்பான். "என்னப்பா, உடம்பு எப்படி இருக்கிறது?" என்று அவன் கேட்கும்போது அதில் எவ்வளவு பரிவு, எவ்வளவு பைசா என்று யார் பிரிக்க முடியும்? அதற்கும் மேலே, 1865-ல் இலங்கையில் வந்த தொழிலாளர் சட்டம் வேலையைப் புறக்கணிப்பதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. மொரீஷியஸ் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்கள் நிலைமை இன்னும் விசித்திரம். அங்கே அனுமதியில்லாமல் ஒரு நாள் வராதவனுக்கு இரண்டு நாள் கூலி வெட்டு. 'இரட்டை வெட்டு' என்று பிரசித்தி பெற்ற இந்த வழக்கம் இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகே ஒழிந்தது. கணித சாஸ்திரத்தில் ஒன்றிலிருந்து இரண்டைக் கழிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் உண்டு. அதைச் சோற்றுக் கணக்கிலே செய்துகாட்டியவர்கள் மொரீஷியஸ் தோட்டக்காரர்கள்தான்.

இனி ஆலைகளுக்கு வருவோம். கோயமுத்தூரிலும் மதுரையிலும் சென்னையிலும் பஞ்சாலைகள் எழுந்தபோது முதலாளிகளின் பெரிய புகார், "ஆட்கள் சரியாக வருவதில்லை" என்பதுதான். கிராமத்துக்கு ஓடிவிடுகிறான், அறுப்புக்கு ஓடிவிடுகிறான், திருவிழாவுக்கு ஓடிவிடுகிறான்! 1929-ல் நியமிக்கப்பட்டு 1931-ல் அறிக்கை கொடுத்த விட்லி கமிஷன் இந்தப் புகாரையும் விசாரித்தது. தொழிலாளிக்கும் கிராமத்துக்கும் உள்ள தொடர்பை அறுக்க வேண்டாம், அதை ஒழுங்கு செய்யுங்கள், முறையாக லீவு கொடுத்துத் திரும்பி வந்தால் வேலை உண்டு என்று உறுதி சொல்லுங்கள் என்ற தோரணையில் அந்தக் கமிஷன் பேசியது. ஆனால் ஆலைக்கு வேறொரு சௌகரியம் இருந்தது: பதிலி. விடியற்காலையில் ஆலை வாசலில் ஒரு கூட்டம் காத்திருக்கும். உள்ளே போனவர்களில் யார் வரவில்லை என்று தெரிந்தால், அந்த இடத்துக்கு இவர்களில் ஒருவனைக் கூப்பிடுவார்கள். ஒருவனுடைய காய்ச்சல் இன்னொருவனுடைய சாப்பாடு. படுத்திருப்பவனுக்கு இது தெரியும். தன் நூல் யந்திரத்துக்குப் பக்கத்தில் இப்போது யார் நிற்கிறான், அவன் நன்றாக வேலை செய்கிறானோ என்னவோ என்ற கவலையில் பாதிக் காய்ச்சலோடு எழுந்து போனவர்கள் எத்தனையோ பேர்.

இதற்கெல்லாம் ஒரு மாற்று உண்டு என்பதை உலகத்துக்கு முதலில் காட்டியது, ஆச்சரியப்படாதீர்கள், ஏழைகளின் தோழர் என்று யாரும் சொல்லாத பிஸ்மார்க். 1883-ல் ஜெர்மனியில் அவர் கொண்டுவந்த சட்டத்தின்படி நோயுற்ற தொழிலாளிக்கு 13 வாரம் வரையில் பாதிக் கூலி கிடைத்தது. பிரீமியத்தில் மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளி, ஒரு பங்கு முதலாளி. இங்கிலாந்தில் 1911-ல் லாயிட் ஜார்ஜ் இதைப் பின்பற்றினார். ஆணுக்கு வாரம் 10 ஷில்லிங், 26 வாரம் வரையில். நம் நாட்டில் பேராசிரியர் அடார்க்கர் 1944-ல் திட்டம் வகுத்துக் கொடுத்தார். 1948-ல் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் நிறைவேறியது. அதே வருஷத்து ஆலைச் சட்டம், 20 நாள் வேலை செய்தால் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்ற கணக்கையும் கொண்டுவந்தது. 1952 பிப்ரவரி 24-ந் தேதி கான்பூரில் ஜவஹர்லால் நேரு ஈட்டுறுதித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டில் அது 1955 ஜனவரியில் கோயமுத்தூரில் காலடி வைத்தது. அன்றைய விதிப்படி வருஷத்தில் 56 நாள் வரையில், ஏறக்குறையப் பாதிக் கூலி. இப்போது 91 நாள் வரையில் கூலியில் 70 சதவிகிதம்.

இந்தத் தொகைகளைவிட அவற்றின் அடியில் இருக்கும் எண்ணம் பெரிது. வராத நாளின் பாரத்தை ஒரே தலையில் வைக்க வேண்டாம், முதலாளியும் தொழிலாளியும் சர்க்காரும் மற்ற ஆயிரம் தொழிலாளிகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கிக்கொள்ளட்டும் என்பது அந்த எண்ணம். படுத்திருப்பவனுக்கு அவன் முகமறியாத ஒருவன் அரையணா கொடுக்கிறான். நாளைக்கு இவன் அவனுக்குக் கொடுப்பான். இதற்குத் தர்மம் என்று பெயரில்லை. சந்தா என்று பெயர். அதனால் வாங்குகிறவன் தலைகுனிய வேண்டியதில்லை.

ஆனாலும் பழைய சேவகனின் நிழல் அந்தச் சட்டங்களிலும் விழுந்திருப்பதைப் பார்க்கலாம். ஜெர்மனியில் மூன்றாம் நாளிலிருந்துதான் பணம். இங்கிலாந்தில் நாலாம் நாளிலிருந்து. நம் சட்டத்திலும் முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. ஏன்? நிர்வாகச் சிக்கனம் என்று காரணம் சொல்வார்கள், அது உண்மைதான். கூடவே, ஒரு நாள் இரண்டு நாள் காய்ச்சலை யார் நம்புவது என்ற சந்தேகமும் அதில் இருக்கிறது. லீவு லெட்டர் எழுதிய அனுபவம் சட்டம் எழுதினவர்களுக்கும் இருந்திருக்கும் அல்லவா?

சரி, சட்டம் வந்துவிட்டது. அம்மாபேட்டைக்கு என்ன வந்தது? அங்கேதான் சங்கடம். 1948-ஆம் வருஷத்துச் சட்டம் ஒரே கூரையின் கீழே யந்திர சக்தியோடு 20 பேர் வேலை செய்தால்தான் கண்ணைத் திறந்து பார்த்தது. வீட்டுக் கூடத்தில் குழிக்குள் உட்கார்ந்திருப்பவன் அதன் கணக்கில் தொழிலாளியே அல்ல; அவன் 'சுயதொழில்' செய்பவன். அவனுக்கு நோய் வந்தால் அவனுக்கு அவனே லீவு கொடுத்துக்கொள்ளலாம்! 1935-ல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, அது பிறகு கோ-ஆப்டெக்ஸ் என்று பெயர் பெற்று, நூலுக்கும் விற்பனைக்கும் ஒரு வழி காட்டியது. முதலாளியிடம் கை ஏந்தாமல் சங்கத்தில் பாவு வாங்கியவர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. ஆனால் சங்கத்திலும் கூலி உருப்படிக்குத்தான், நாளுக்கு அல்ல. யுத்தத்தை அடுத்த வருஷங்களில் நூல் பஞ்சம் வந்தபோது மனிதன் தறியில் தயாராக உட்கார்ந்திருந்தும் வேலை வரவில்லை. தொ. மு. சி. ரகுநாதன் 1953-ல் வெளியிட்ட 'பஞ்சும் பசியும்' என்ற நாவலின் பொருளே நெசவாளிகளின் அந்தக் கஷ்டகாலந்தான். வேலைக்கு மனிதன் வராவிட்டால் அபராதம் போட்ட உலகம், மனிதனுக்கு வேலை வராவிட்டால் யாருக்கு அபராதம் போடுவது என்று கேட்கவில்லை.

பிறகு விசைத்தறி வந்தது. சேலத்திலும் நாமக்கல் பக்கத்தில் பள்ளிப்பாளையம், குமாரபாளையம் முதலிய ஊர்களிலும் வீட்டுக்கு வீடு, சந்துக்குச் சந்து கொட்டகைகள் எழுந்தன. ஆறு தறி, எட்டுத் தறி என்று சிறுசிறு கொட்டகைகளாக இருந்தால் ஆலைச் சட்டம் உள்ளே நுழையாது. வேலைக்குச் சேரும்போது ஒரு தொகை முன்பணம். அதற்கு அந்தப் பக்கத்தில் பெயர் 'பாக்கி'. பாக்கி வாங்கியவன் அதைத் தீர்க்காமல் வேறு கொட்டகைக்குப் போக முடியாது. புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டிவிட்டு அழைத்துக்கொண்டால் போகலாம். ஆள் வராவிட்டால் தேடிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். 1792-க்குப் பின் வந்த சேவகனுடைய பிரம்பும் ஓரணாத் தண்டமும் போய்விட்டன. முன்பணம் மட்டும் போகவில்லை. அது போகாதவரையில் சேவகன் வேறு வேஷத்தில் வந்துகொண்டேதான் இருப்பான்.

நன்மையே நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2005-ல் மத்திய சர்க்கார் கைத்தறி நெசவாளர்களுக்கென்று ஆரோக்கியக் காப்பீடு ஆரம்பித்தது. 2009-லும் 2012-லும் தமிழ்நாட்டில் வந்த காப்பீட்டுத் திட்டங்களால், ஒரு காலத்தில் நெசவாளி வீட்டில் நினைத்துப் பார்க்க முடியாத இருதய சிகிச்சைகூட இன்று நடக்கிறது. இது சாமானிய விஷயம் அல்ல. ஆனாலும் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். இந்தத் திட்டங்கள் ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கின்றன, அடுப்புக்குக் கொடுப்பதில்லை. நெஞ்சைக் கிழித்துத் தைத்து அனுப்பிய பிறகு, "மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது, ஓய்வாக இரு" என்று டாக்டர் சொல்கிறார். மருந்துச் சீட்டில் எழுதிய எல்லா மருந்தும் இலவசமாகக் கிடைத்துவிடும். அந்தக் கடைசி மருந்து மட்டும் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

2020 மார்ச் மாதம் தேசம் முழுவதும் கதவடைத்து உட்கார்ந்தபோது இந்த வித்தியாசம் எல்லாருக்கும் வெளிச்சமாயிற்று. "சுரம் இருந்தால் வெளியே வராதீர்கள்" என்று சர்க்கார் தண்டோராப் போட்டது. மிகச் சரியான யோசனை. வீட்டில் உட்கார்ந்தால் சம்பளம் வருகிறவர்கள் அதைச் சுலபமாகக் கடைப்பிடித்தார்கள். தினக்கூலிக்காரனுக்கு அந்த யோசனையின் விலை அன்றைய சாப்பாடு. அந்த ஒரு வருஷத்தில், வியாதியஸ்தன் ஓய்வெடுப்பது அவனுடைய சொந்த விஷயம் அல்ல, பக்கத்து வீட்டுக்காரனுடைய க்ஷேமமும் அதில் அடங்கியிருக்கிறது என்பதை நாம் பயத்தினால் கற்றுக்கொண்டோம். பயம் தெளிந்ததும் பாடத்தை மறந்துவிட்டோமோ என்று சில சமயம் தோன்றுகிறது.

முதலாளிகளையும் கங்காணிகளையும் கும்பெனியாரையும் பற்றி இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். அவர்கள் எல்லாரும் நமக்குத் தூரத்து மனிதர்கள். குற்றம் சொல்லச் சௌகரியமானவர்கள். ஆனால் இதை வாசிக்கிற நம்மில் பெரும்பாலோர் காலையில் லீவு லெட்டர் எழுதுகிற உத்தியோகஸ்தர்கள் மட்டுமல்ல, வீட்டில் எஜமானர்களும்தான். பாத்திரம் தேய்க்கிற அம்மாள் இன்று வரவில்லை. "நேற்றுக்கூட நன்றாகத்தான் இருந்தாள், இன்றைக்கு என்ன வந்ததாம்?" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வருகிறது. கூடத்திலிருந்து இன்னொரு குரல், "மாதத்தில் நாலு நாள் இப்படித்தான். பிடித்துக்கொண்டு கொடு, அப்போதுதான் புத்தி வரும்" என்கிறது. அந்த இரண்டாவது குரலுக்கு உரியவர் போன வாரம்தான் இல்லாத முதுகுவலிக்கு இரண்டு நாள் லீவு போட்டுச் சம்பளம் வாங்கியிருப்பார். பொல்லாதவரே அல்ல; தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பவர், அவள் மகளின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு உதவியவர். தயவு அவரிடம் நிறைய இருக்கிறது. தயவு வேறு, லீவு வேறு. தயவு கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. லீவு, நியதியாக வந்துவிட்டால், மனநிலையைக் கேட்காது.

ஆகவே, ஒருவர் வேலைக்கு வராதபோது நம் வாயில் முதலில் வருகிற கேள்வியை மாற்றிப் பார்க்கலாம். "அவனுக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லையா?" என்றுதான் நாம் பரம்பரையாகக் கேட்டு வருகிறோம். கும்பெனிச் சேவகன் அதைக்கூடக் கேட்கவில்லை என்பதால் நாம் அவனைவிட மேல் என்று திருப்திப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் பொய் சொல்கிறவன் எப்போதும் இருப்பான். அவனைக் கண்டுபிடிக்கும் ஆசையில் மெய்யாகவே படுத்திருப்பவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய கதைதான் நாம் இதுவரை பார்த்த கதை முழுவதும். அதற்குப் பதிலாக, "இன்றைய நாள் யார் தலையில் விழுகிறது?" என்று கேட்டால் போதும். அம்மாபேட்டைத் தறிக் குழியில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்திருந்தான் என்றால், அன்றைய நாளின் கூலியை அவன் தன் பள்ளிக்கூடத்திலிருந்து கட்டிக்கொண்டிருந்தான். அவனிடமிருந்து அதை வாங்கியவர்கள் நாம் எல்லாரும், அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டவர்கள் உட்பட.